மிளகாய் நெடி

ஒரு விதைகூட முளைக்கவில்லை. பத்துக்கு ஒன்று தலைகாட்டியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். சிம்பாங் அம்பாட் ஊருக்குப் பக்கத்தில், கல் உடைத்து முடித்த மலைச்சரிவில் மறுபடி காட்டு மரம் வளர்க்கிற கம்பெனி எங்களுடையது. விதை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பின்தொடர்வது என் வேலை. நாற்றுமேடையில் போட்ட மெராந்தி விதை அத்தனையும் மண்ணுக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

“விதை பொறுக்கிக் குடுக்குற தேவமலர் பழைய சரக்கைத் தள்ளி விட்டுருக்கு லா,” என்றார் சைட் மேனேஜர் காந்தன். “இன்னியோட அந்தப் பொம்பளய நிறுத்திடு, ஸுஹா.”

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க பாஸ். போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.”

விதைக்காமல் மிச்சமிருந்த சாக்கைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. கோபம் வந்தால் கால் முன்னே போய்விடும். மெராந்தி, தனக்குத் தோன்றினால் காய்க்கிற மரம். அடுத்த காய்ப்பு எந்த வருஷம் என்று கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள். இப்போது கொட்டுகிற விதையை விட்டால் சரிவு மொட்டையாகவே நிற்கும்.

செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுத் துண்டில் தேவமலர் அக்கா குனிந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“பழசா? இங்க பாரும்மா.” ஈரச் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். இறக்கை வைத்த அந்த விதைகளில் பாதிக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. “அன்னிக்கும் இப்படித்தான் லாரில ஏத்தி விட்டேன். நேத்தும் ஏத்துனேன். என்னைய திருடின்னு நெனச்சா நேரா சொல்லிடுங்க.”

எனக்கு அவமானமாக இருந்தது. காருக்குத் திரும்பினேன்.

கண்ணாடியை ஏற்றி ஏர்கானைப் போட்டதும் தும்மல் வந்தது. நிற்கவே இல்லை. பின் சீட்டில் கிடந்த சாக்கை முகர்ந்தேன். மிளகாய் நெடி. காட்டில் ஏது மிளகாய்?

இந்தத் தும்மல் எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவின் சட்டையில் முகம் வைத்தால் வரும். நாற்றுமேடையில் இடம் கிடைக்கும்வரை விதைச் சாக்குகள் குருபோங் டவுனில் இருக்கும் எங்கள் மசாலா கடையில்தான் கிடக்கும். அந்த இடத்தை ஏற்பாடு செய்ததே நான்தான். காரைக் கடைப் பக்கம் திருப்பினேன்.

கடை வாசலில் அத்தா நைனா முகம்மது கித்தான் விரித்திருந்தார். ஒரு பாதியில் மிளகாய், மறு பாதியில் நேற்று வந்த மெராந்தி. வெயில் கொளுத்தியது.

“வாம்மா. கையில எடுத்துப் பாரு, எப்படிச் சலசலங்குது.”

“ஏன் அத்தா காயவச்சீங்க?”

“சாக்கெல்லாம் ஈரமா வருது. பூஞ்சை புடிச்சா உன் பேருதானே கெடும்? போன தடவையும் நான்தான் காயவச்சு அனுப்புனேன். இதையெல்லாம் போயி சொல்லிக்கிட்டிருக்கணுமான்னு விட்டுட்டேன்.”

மல்லியும் மிளகும் காய்ந்தால்தான் கெடாமல் நிற்கும். மெராந்தி காய்ந்தால் உயிர் போய்விடும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

போன் அடித்தது. காந்தன். “என்ன, அந்தப் பொம்பளதானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல பாஸ். விதை எங்க கடையிலதான் செத்துச்சு. எங்க அத்தா வெயில்ல காயவச்சுட்டாரு. தேவமலர் அக்காவ நிறுத்தாதீங்க. இனிமே அவங்க சாக்க நானே நேரா சைட்டுக்கு ஏத்திட்டு வரேன்.”

விதையைத் துழாவிக்கொண்டிருந்த அத்தாவின் கை நின்றது.

“செத்துச்சா?” என்றார் அத்தா.

கடைக்குள் போய்த் தான் குடிக்கிற தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தார். கித்தானுக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தெளித்தார்.

“இனிமே பொழைக்காது அத்தா,” என்றேன்.

காதில் விழுந்தது. போத்தல் காலியாகும்வரை தெளித்துக்கொண்டுதான் இருந்தார்.