இடது இடுப்பு

1978-இல் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று சூசைராஜ் காரைக்கால் திரும்பியபோது, டிரங்குப் பெட்டியில் ஒரு முழ உயர வெண்கலச் சிலையும் வந்தது. தலை இருக்கவேண்டிய இடத்தில் மொட்டு மாதிரி ஒரு குமிழ். முகம் கிடையாது, கைகள் கிடையாது. இடது இடுப்பு மட்டும் எதையோ தாங்குவதுபோல் வெளியே தள்ளி நின்றது. அது பெண்தான் என்பதில் அவர் மனைவி இருதயமேரிக்குச் சந்தேகமே இல்லை.

அதை ரேடியோ மேல் வைத்து, தினமும் காலையில் துணியால் துடைத்தார் அவர்.

"யாருங்க இவ?"

"யாரோ." சிரித்தபடி கொல்லைப்பக்கம் நழுவினார்.

பக்கத்து வீட்டுக் கமருன்னிசா எட்டிப் பார்த்தாள். "பட்டாளத்துச் சொல்தா சும்மாவா வருவாரு? மூஞ்சி இல்லாட்டி என்னக்கா, இடுப்பு இருக்குல்ல!"

மூஞ்சி இல்லாதவளோடு எப்படிச் சண்டை போடுவது? இருதயமேரி யோசித்தாள். அவள் குடம் தூக்குவது வலது இடுப்பில். இடது இடுப்பில் தூக்குகிறவள் இந்தக் குடும்பத்தில் ஒருத்திதான். தங்கை டெய்சி. இடக்கைக்காரி.

ஞாயிறு பூசை முடிந்து டெய்சி வந்தாள்.

"கொடுவா மீன் கொழம்பாக்கா? தெருமுனை வரைக்கும் மணக்குது."

"அந்தக் குடத்தைக் கொஞ்சம் தூக்குடி."

தூக்கினாள். அதே இடுப்பு. அதே வளைவு.

"எத்தனை வருஷமா நடக்குது?"

"எது, அக்கா?"

"அத்தான் லீவுல வந்தப்பல்லாம் ஓடி ஓடி வந்தியே, அது."

டெய்சி குடத்தை இறக்கினாள். "கொழம்பு அடிப்பிடிக்குது, பாரு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டாள்.

சூசைராஜ் வந்ததும் சிலையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள் இருதயமேரி. "இது டெய்சிதானே?"

அவர் திகைத்தார். "கால் உடைஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மெழுகுல பிடிச்சது. பக்கத்துக் கட்டில்காரன் பட்டறை வச்சிருந்தான், வார்த்துக் குடுத்தான். நீதான்டி அது."

"நான் வலப்பக்கம் தூக்குறவ."

"நான் கப்பலேறப் போன அன்னிக்கு, ஸ்டேஷன்ல, புள்ளைய இடது இடுப்புக்கு மாத்துனியே. ஒனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. வலது கைய ஆட்டணும்ல."

ஆட்டியது நினைவுக்கு வந்தது. அழுகையை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டதும்.

"மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"கூச்சமா இருந்துச்சு."

மறுநாள் காலையில் அவர் துணியை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டாள். "அவளத் தொடச்சது போதும். போயி டெய்சியக் கூட்டிட்டு வாங்க. நான் போனா கதவத் தொறக்க மாட்டா."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இருதயமேரி சிலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு புடவைக்குள் பெருத்துவிட்ட தன் இடுப்பைப் பார்த்தாள். அந்த இருபத்திரண்டு வயது இடுப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மீன் கழுவப் போனாள்.