மூலையில் பேசிய தமிழ்

புனேயின் கட்கியைச் சேர்ந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன் ஜேடன், கோர்படி ராணுவ வீரன் ஹணமந்திடம் முதல் ஆட்டத்தில் தோற்றான். மறு ஆட்டத்துக்கு முன், அவனுடைய அக்காவும் பயிற்சியாளருமான ஃபேபியோலா அந்த ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். புனேயில் யாருக்குப் புரியப்போகிறது என்று, மேடை மூலையிலிருந்து அவள் தமிழில்தான் கத்துவாள். "வயித்துல!" என்று கத்திய ஒவ்வொரு முறையும், ஜேடன் அசைவதற்குள் ஹணமந்தின் முழங்கை வயிற்றை மறைத்தது.

"அந்த ஆளுக்குத் தமிழ் தெரியும்டா."

"அப்போ கத்தாமலே இரு, அக்கா."

"கத்துவேன். நான் வயிறுன்னா நீ தாடையில அடி."

சிறு வயதிலிருந்தே அக்கா சொன்னதைச் செய்து பழகியவன், பயிற்சியில் வாரக்கணக்கில் வயிற்றிலேயே குத்தினான். "மாடு! சொன்னதைச் செய்யாதேன்னு சொன்னா, அதையாவது செய்யேன்டா!" என்று அவள் திட்டித் தீர்த்தாள். ஒருவழியாகப் பழகினான்.

மறு ஆட்டத்தின் இரண்டாம் சுற்றில் "வயித்துல!" என்று கத்தினாள். ஹணமந்தின் முழங்கைகள் இறங்கின. ஜேடனின் வலது கை தாடையில் விழுந்தது.

விழுந்தவனுக்கு நடுவர் பத்து வரை எண்ணி முடித்த பிறகு ஹணமந்த் எழுந்து அவளிடம் வந்தான்.

"என்னக்கா," என்றான் தமிழில், "உங்கள நம்பித்தானே நின்னேன்."