ஊதுபத்தி வைக்கிற ஓட்டை

துளசிராமுக்குப் பேச்சு திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு நடந்த கூத்து அத்தனைக்கும் அதுதான் காரணம். லேசாகத் திக்கும் என்றெல்லாம் மழுப்ப மாட்டேன். மதுரை பெரியார் நிலையத்தில் பஸ் ஏறும்போது ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் கோரிப்பாளையம் வந்துவிடும்.

எனக்கோ பொறுமை கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் வந்து நல்லகாமன் வீடு எது என்று கேட்டால், முதலில் என் கோபத்தைச் சொல்வார்கள், அப்புறம்தான் வழி சொல்வார்கள். துளசிராம் ஒரு எழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும். ஒருநாள் "பொ... பொ..." என்று ஆரம்பித்தான். "பொறகு வரச் சொல்றியா, சரி மாப்ள" என்று கிளம்பிவிட்டேன். பொண்ணு பார்த்திருக்கிறார்கள் என்று சொல்ல வந்தானாம். எனக்கு அது தெரியப் பத்து நாளாயிற்று.

கீழவாசல் பக்கம் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். என் கிணற்று மோட்டார் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் கருகிப்போகும். அதைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போய்ப் போய்த்தான் பழக்கமானோம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். என்னை அண்ணே என்பான். நான் அவனை மாப்ள என்பேன். இரண்டு பேரும் அண்ணன் தம்பியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. அவன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், என் வீட்டில் எல்லோரும் கத்துவார்கள். ஆனாலும் வாரம் ஒருமுறை அவன் முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு என்னவோ போலிருக்கும்.

கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதில் அவனே செய்த ரேடியோ. நாம் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். ஹாம் ரேடியோ என்பார்கள். அதற்குப் பரீட்சை எழுதி, அரசாங்கத்தில் லைசென்ஸ் வாங்கியிருந்தான். வாயால் பேச வேண்டியதும் இல்லை. ஒரு சாவி இருக்கும். அதைத் தட்டினால் தந்தியாபீஸில் கேட்பதுபோல நீளமாகவும் குட்டையாகவும் சத்தம் போகும். எங்கோ இருப்பவன் அதைக் கேட்டு எழுத்தாகப் புரிந்துகொள்வான். அந்தச் சாவியில் துளசிராம் ஒருநாளும் திக்கியதில்லை. அவன் கை தட்டுகிற வேகத்தைப் பார்த்தால், இத்தனை பேச்சையும் இவன் எங்கே அடக்கி வைத்திருந்தான் என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

திண்டுக்கல்லில் ராமமூர்த்தி என்று ஒரு நூல் வியாபாரி. அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அவர் மகள் ராதாமணியும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் அங்கிருந்து தட்ட, இவன் இங்கிருந்து தட்ட, இரண்டு வருசம் ஓடிவிட்டது. இரண்டு குடும்பமும் ஒரே சமூகம். ராமமூர்த்தியே ஆள் விட்டுச் சம்பந்தம் பேசினார். பையனுக்குக் கை ரொம்பச் சுத்தம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம். அவர் சொன்னது சாவி தட்டுகிற கையை. சொந்தக்காரர்கள் பணவிஷயத்தில் நாணயமான பையன் என்று எடுத்துக்கொண்டு அதற்காகவே சம்மதித்துவிட்டார்கள்.

வாய் விஷயம் பெண் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அது எண்பத்து மூன்றாம் வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண் பார்க்கக் கிளம்பினோம். அவன் அப்பா, அம்மா, சொந்தங்கள் எல்லாம் வேனில் பின்னால் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை என் அம்பாசிடரில். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை எல்லாம் சரிதான், ஆனால் மடியில் ஒரு சாக்குப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பலகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சமயநல்லூர் தாண்டியதும் ரோட்டோரப் புளியமரத்தைக் காட்டி, "நி... நி..." என்றான். இதை நான் சரியாகவே புரிந்துகொண்டு வண்டியை நிறுத்தினேன். அவன் ஒதுங்கப் போகவில்லை. பையிலிருந்து ரேடியோவை எடுத்தான்.

"என்னடா இது? பொண்ணு பாக்கப் போறியா, பட்டாளத்துக்குப் போறியா?"

அவன் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், கேட்டு முடிக்கவே எனக்கு நெடுநேரம் பிடித்தது. "அ... அவங்களுக்கு என் வாய் திக்கும்னு தெரியாதுண்ணே. அம்மா, சி... சிரிச்சுக்கிட்டே உக்காரு, தலைய ஆட்டு, மத்தத நாங்க பாத்துக்கிறோம்னு சொல்றாங்க. அங்க போயி எல்லார் முன்னாடியும் தெரிஞ்சா, அவங்களால மா... மாட்டேன்னு சொல்ல முடியாது. தட்டு மாத்திருவாங்க. மு... முன்னாடியே சொல்லிரணும்."

வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். தெரு முழுக்கக் கரண்டு இல்லையாம். அந்த வருசம் கரண்டு வருவதுதான் விசேஷம். இன்றைக்கும் ஒன்பது மணிக்கு வருவேன் என்று அவள் சொல்லியிருந்தாளாம். அந்த நேரத்துக்கு இன்னும் அரைமணிகூட இல்லை. வண்டியில் வைத்துப் பேசவும் அவன் முறையாக அனுமதி வாங்கியிருந்தான்; அவன் அப்படிப்பட்ட ஆள்.

"இதுக்குக் கரண்டு?"

டேஷ்போர்டில் இருந்த ஓட்டையைக் காட்டினான். எனக்கு அந்தக் காரை விற்றவர் ஒரு மில் மேனேஜர். அவர் சிகரெட் பற்றவைக்க அதில் லைட்டர் மாட்டியிருந்தார். ஒரு குமிழை உள்ளே அழுத்தினால் பழுத்துச் சிவப்பாக வரும். நான் வெற்றிலை போடுகிறவன். லைட்டர் எந்தக் காலத்திலோ தொலைந்துபோய் ஓட்டை மட்டும் மிச்சம். அதில் செருகுவதற்கென்றே துளசிராம் ஒரு பிளக் செய்து, வயர் வைத்துக் கொண்டுவந்திருந்தான். கார் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டே அந்த ரேடியோவுக்குப் போதுமாம்.

ஏரியல் கம்பியைக் கல்லில் கட்டிப் புளியமரத்தின் மேல் நான்தான் எறிந்தேன். பட்டு வேட்டிக்காரனை எறியவிட முடியுமா? அவன் பிளக்கைச் செருகினான். ரேடியோவில் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. எடுத்துச் செருகினான். திருகினான். எரியவில்லை. முகம் வெளிறிவிட்டது. ரேடியோவையே பிரித்து மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயராக நோண்ட ஆரம்பித்தான்.

நான் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பகீரென்றும் இருந்தது. அதற்கு நேர் மேலே கருப்பசாமி படம் ஒட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரி மாயக்காள் வண்டி கிளம்பும்போதெல்லாம் படத்துக்கு ஊதுபத்தி காட்டி, அந்த ஓட்டையில்தான் செருகுவாள். ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்த ஒரே கார் நம்முடையதுதான் என்று பெருமை வேறு. உள்ளே சாம்பல், பாதி எரிந்த குச்சி, சந்தனம், குங்குமம் எல்லாம் சேர்ந்து கெட்டியாகிக் கிடந்தது.

"உன் ரேடியோவுல ஒண்ணுமில்ல மாப்ள. இங்க ஒரு கோயிலே இருக்கு" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"இ... இ... இ..." என்றான்.

"இந்தா, எடுத்துட்டேன்" என்று உள்ளே விட்டுக் குடைந்தேன். இரும்பால் குத்தாதே என்று சொல்ல வந்திருக்கிறான். படீரென்று ஒரு பொறி. ஃபியூஸ் போய்விட்டது.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினான், வேப்பங்குச்சியை ஒடித்து ஓட்டையைச் சுரண்டினான், வேட்டி நுனியால் துடைத்தான். பட்டில் சந்தனமும் கரியும் அப்பிக்கொண்டன. ஏரியல் கம்பியிலிருந்து ஒரு இழை பிரித்து ஃபியூஸில் கட்டினான். மறுபடி பேட்டரியை மாட்டிப் பிளக்கைச் செருகியபோது அந்தக் குட்டி விளக்கு எரிந்தது. நான் கருப்பசாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

"இன்ஜின ஓட விடட்டுமா? பேட்டரி கிழடுடா."

கூடாது என்று தலையாட்டினான். இன்ஜின் ஓடினால் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்காதாம்.

ஒன்பது மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. கீச்சு கீச்சென்று, எனக்குச் சுவர்க்கோழி கத்துவதுபோலத்தான் கேட்டது. அவனுக்கு அது ராதாமணி. அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. பதிலுக்குத் தட்ட ஆரம்பித்தான். என்ன தட்டுகிறான் என்று எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் என்ன சொல்கிறான் என்று தெரியும். தன்னை வேண்டாமென்று சொல்வதற்கு அவளுக்கு ஒரு வழி செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். ரெண்டு வருசமாக ஆசையாகப் பழகிய பெண்ணிடம், அவளைப் பார்க்கப் போகிற வழியில், ரோட்டோரத்தில் வைத்து. எனக்கு அவன்மேல் அப்போது வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் கூடப்பிறந்தவன் மேல்கூட அப்படி வந்ததில்லை.

தட்டத் தட்ட விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. அவன் பார்த்துக்கொண்டே வேகமாகத் தட்டினான். முடித்துக் கையை எடுத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வைக்கோல் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பிறகு சத்தம் வந்தது, நாலைந்து கீச்சு. அப்புறம் அதுவும் தேய்ந்து, விளக்கு அணைந்தது.

"என்னடா சொன்னா?"

"கே... கே..."

எனக்குத் தெரியாததை நான் எப்படி முடிக்க? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டுச்சு... ன்னு சொன்னாங்க. அ... அதுக்கப்புறம் வரல."

பேட்டரி செத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒரு முனகல்கூட முனகவில்லை. துளசிராம் கம்பியைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, "தி... திரும்பிரலாம்ணே" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "திரும்பி எங்க போவ? அவ கேட்டுட்டா. நீ இப்ப போகலேன்னா அவ என்ன நினைப்பா? சொல்லிட்டு ஓடிட்டான்னு நினைப்பா. அவ மாட்டேன்னு சொன்னா சொல்லட்டும், அத நேர்ல போயி வாங்கிட்டு வருவோம். எறங்கித் தள்ளுடா!"

தள்ளினான். பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து கூடத் தள்ளினார்கள். மாப்பிள்ளையே தள்ளுற வண்டிய இப்பத்தாம்ப்பா பாக்குறேன் என்று ஒருவன் சொன்னான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. திண்டுக்கல் வரை நான் வண்டியை அணைக்கவே இல்லை.

எங்களுக்கு முன்னாலேயே வேன் போய்ச் சேர்ந்திருந்தது. கூடம் நிறைய ஆட்கள். துளசிராமின் அம்மா வேட்டியில் இருந்த கரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து விசிறினார்கள். எல்லோரும் சௌராஷ்டிரத்தில் பேசினார்கள். சாவி தட்டுவதும் எனக்குப் புரியவில்லை, இதுவும் புரியவில்லை. அன்றைக்கு முழுக்க நான் செவிடன்தான். அதனால் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராதாமணி காபித் தட்டோடு வந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. துளசிராமிடம் டம்ளரை நீட்டும்போதுகூட நிமிரவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அம்மா சொன்னபடியே துளசிராம் சிரித்தான், தலையாட்டினான். பெண்ணின் தாய்மாமன் ஒருவர் இருந்தார். நல்ல மனுசன், ஆனால் கட்டைக்குரல். எனக்கும் புரியட்டும் என்று தமிழில் ஆரம்பித்தார்.

"நானும் அப்பயிருந்து பாக்குறேன், மாப்பிள்ளை தலைய மட்டும் ஆட்டுறாரு. பொண்ணு ஒரு வார்த்தை காதால கேக்க வேணாமா? வாயத் தொறந்து சொல்லுங்க மாப்ளே. எங்க பொண்ணு வேணுமா, வேண்டாமா?"

"அவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி..." என்று துளசிராமின் அம்மா குறுக்கே விழுந்தார்.

"கூச்சப்பட்டா என்ன, ஒரு வார்த்தைதானே? சொல்லட்டும்."

துளசிராம் டம்ளரைக் கீழே வைத்தான். தலையாட்டித் தப்பித்திருக்கலாம். அவன் தப்பிக்கப் பார்க்கவில்லை.

"வே..." என்றான். நின்றுவிட்டது. "வே... வே... வே..."

கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். ராமமூர்த்தி மகளைப் பார்த்தார், துளசிராமைப் பார்த்தார். மாமனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

"வேண்டாமா?" என்றார்.

என் வாயும் திறந்துவிட்டது. அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். இந்த ஒன்றையாவது நான் சரியாக முடித்துவைத்திருப்பேன். அதற்குள் அடுக்களை வாசலிலிருந்து குரல் வந்தது.

"இருங்க மாமா. அவரு இன்னும் சொல்லி முடிக்கல."

தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு ராதாமணி கூடத்துக்குள் வந்தாள். அவனுக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அந்தக் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

"வே... வே... வேணும்" என்றான் துளசிராம்.