ஒப்பாரியில் வந்த சொல்

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் இசக்கிசெல்வி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "தறிகெட்டு ஓடாத ராசான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா!"

சங்கரன்கோவில் பக்கம் செத்தவனை நாலு வார்த்தை ஏசாமல் அழுதால் அது அழுகையிலேயே சேர்த்தியில்லை. அதிலும் 'தறிகெட்டு' அவளிடம் மலிவாகக் கிடைக்கும் சொல். புருஷன் மகாராஜன் கழுவாத கையால் வடையை எடுத்தால் தறிகெட்டவன். சொன்ன விலைக்கே கத்தரிக்காய் வாங்கி வந்தால் படு தறிகெட்டவன். வண்டியோட்டுவதில் மட்டும் அவன் அப்படியில்லை. அவனுடைய மொபெட்டைச் சைக்கிள்காரர்களே மணியடித்து முந்துவார்கள்.

புளியங்குடி ரோட்டில், இருட்டுகிற நேரத்தில், விளக்கும் இல்லாமல் சிவப்பு ஸ்டிக்கரும் இல்லாமல் நிறுத்தியிருந்த செங்கல் டிரெய்லரின் பின்னால் போய் மோதியிருந்தான்.

சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாற்று முடிந்த கையோடு தன் தம்பி வெங்கடேஷைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். டிரெய்லர்காரன் மேல் புகார் கொடுக்க வேண்டும். ஏட்டு செல்போனை நீட்டினார். அதில் அவளே அழுதுகொண்டிருந்தாள். டிரெய்லருக்குச் சொந்தக்காரனான செங்கல் சூளை முதலாளியின் ஆள், பிணவறை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எடுத்தது.

"நீயேதானம்மா சொல்லுதே, தறிகெட்டு ஓட்டுனான்னு."

"ஐயா, அது அழுக."

"அப்ப பொய் சொல்லியா அழுத?"

வெங்கடேஷுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டையா, ஒங்க வீட்டம்மா ஒங்கள ஏசுததையெல்லாம் எழுதுனா ஒங்க வேல நிக்குமா?"

ஏட்டு சிரித்துவிட்டார். சிரித்தபடியே, எழுதி வைத்திருந்ததை வாசித்தார்: இறந்தவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து, நின்ற வாகனத்தில் தானாகவே மோதி...

"இது அவுக இல்லய்யா," என்றாள் இசக்கிசெல்வி. "வெளக்கு இல்லாம நின்னத எழுதலியே?"

"கோர்ட்டுல சொல்லிக்க."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். யாரும் கேட்கவுமில்லை. டிரெய்லர் டிரைவர் கொடுத்த புகாரில் வழக்கு முன்பே பதிவாகியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் துக்கம் கேட்கப் பெண்கள் வந்திருந்தார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த மகாராஜனின் அக்கா யோகலட்சுமி, அவளைக் கட்டிக்கொண்டு ராகம் எடுத்தாள். "சண்டாளப் பாவி, சொல்லாமப் போனியே..." பதில் ஒப்பாரிக்காகக் காத்திருந்தாள்.

இசக்கிசெல்வியின் கண் ஒவ்வொரு பெண்ணின் கையாகப் போய் வந்தது. யார் கையில் போன் இருக்கிறது? உதட்டைப் பல்லால் இறுக்கிக்கொண்டாள்.

"என்னட்டி, கல்லு மாரி நிக்கே?" என்றாள் யோகலட்சுமி. "எந்தம்பிய நாலு ஏச்சு ஏசியாவது அழேன்."

அவள் வாய் திறக்கவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த அக்காக்காரியின் கை மெல்லத் தளர்ந்து, விலகியது.