ரவையளவு கல்

நாற்பத்திரண்டு வயதாகியும் வன்னியபெருமாள் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. கோவில்பட்டிப் பக்கம் அவன் அப்பா குடித்தே செத்தவர். ஓடையோரம் விழுந்து கிடந்தவரைப் பன்னிரண்டு வயதில் வீட்டுக்கு இழுத்து வந்த நாளோடு அந்த நாற்றமே அவனுக்கு ஆகாமல் போயிற்று. திருவனந்தபுரத்தில் பதினைந்து வருஷமாகக் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்டரிங் வேலை. சம்பள நாளில் கூட்டாளிகள் மதுக்கடைப் பக்கம் திரும்பினால் இவன் பஸ் ஏறிவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு மாசி மாதத்தில் ஒரு நாள் கழக்கூட்டம் என்ற ஊரில், வேலையிடத்தில் மேல் வயிற்றில் வலி கண்டது. ஈட்டியால் குத்தி முதுகு வழியாக உருவியது போன்ற வலி. வாந்தி நிற்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தம் எடுத்து, ஸ்கேனும் பார்த்துவிட்டு, கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர் வினீத்.

"தெவசம் எத்ர கழிக்கும்?" ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பாய் என்று மலையாளத்தில் கேட்டார்.

"நான் குடிக்க மாட்டேன் சார்."

டாக்டர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிடப் பணி, தமிழ்நாட்டுக்காரன், கழிக்கில்லா போலும்." பிறகு அவன் மனைவி மாடம்மாளைக் கூப்பிட்டு, "இனியும் குடிச்சா ஆளு போகும். பறஞ்சு மனசிலாக்கு," என்றார். சீட்டிலும் குடியால் வந்தது என்றே எழுதினார்.

அன்றைக்கு மாடம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சித்திரையில் இரண்டாம் முறை வலி வந்து, அதே டாக்டர் அதையே சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவன் வேலை முடிந்து வந்தால், சட்டையை வாங்கி ஆணியில் மாட்டுகிற சாக்கில் மோந்து பார்த்தாள். சோற்றுப் பையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு செவ்வாய்க்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"குடிக்கலன்னு சத்தியம் பண்ணுங்க."

"நான் சொன்னா போதாதாட்டி?"

"சாமி முன்னால சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். இருபதாம் நாள் மூன்றாம் முறை வலி வந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, மாடம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து, அக்கம்பக்கத்து நோயாளிகள் கேட்கும்படி அழுதாள். "சாமிகிட்டயே பொய் சொல்லிட்டியளே." எழுந்து அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. எழ முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உடம்பு தேறி வேலைக்குப் போனால், காண்டிராக்டர் ஷாஜி உள்ளே விடவில்லை. "குடிச்சிட்டு மேல நின்னு விழுந்தா யாரு சமாதானம் பறயும் அண்ணாச்சி? நாட்டுக்குப் போய்க்கோ." பதினைந்து வருஷம் கூட இருந்து பார்த்தவன் சொன்ன பேச்சு அது.

மாடம்மாள் வலியசாலையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டு மருமகள் ஜானவி வயிற்று நோய்களுக்கான டாக்டர், வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில். புருஷன் குடித்தே சாகப்போகிறான் என்று மாடம்மாள் அவளிடம் புலம்ப, சீட்டுகளோடு அவனை அழைத்து வரச் சொன்னாள்.

"எதுக்கு?" என்றான் வன்னியபெருமாள். "குடிகாரன்னு இன்னொரு ஆஸ்பத்திரியிலயும் பேர் எடுக்கவா?" ஆனாலும் நான்காம் முறை வலி வருமோ என்ற பயத்தில் போனான்.

ஜானவி மூன்று சீட்டுகளையும் பொறுமையாகப் படித்தாள். "குடிப்பேளா?"

"இல்ல."

"சரி," என்று எழுதிக்கொண்டாள்.

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் பேனாவை மூடினாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை மாதம் ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே என்று நினைத்தபோது ஆத்திரத்தில் கண் கலங்கியது.

"குடியில்லேன்னா வேற காரணம் இருக்கணும், அல்லே? தேடிப் பாக்கணும். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட்னு ஒரு டெஸ்ட் இருக்கு."

"ஸ்கேன்தான் மூணு தடவ பாத்தாச்சே. ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

"அது வயத்துக்கு மேல வச்சுப் பாக்கறது. நடுவுல கேஸ் மறைச்சுடும், பொடியா இருக்கறது தெரியாது. இது குழாய் நுனியிலேயே ஸ்கேன் இருக்கும். வாய் வழியா இரைப்பைக்குள்ள எறக்கி, கணையத்துக்கும் பித்தப்பைக்கும் தொட்டடுத்து நின்னு பாக்கறதாக்கும். மயக்கம் குடுத்துதான் பண்ணுவோம், பயப்படாதீங்கோ."

இரண்டு வாரம் கழித்து வெறும் வயிற்றோடு போனான். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது தொண்டை கரகரத்தது. ஜானவி படங்களைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் பித்தப்பை. அதன் அடியில் வெள்ளைப் புள்ளிகள்.

"ரவையளவு கல். நெறைய இருக்கு. ஒண்ணு ரெண்டு உருண்டு எறங்கி, கணையத்துக் குழாய் வாயை அடைச்சுடறது. அப்போதான் உங்களுக்கு வலி. அப்பறம் அதுவே நழுவிப் போயிடும். அதுனால யார் கண்ணுலேயும் படலை. பித்தப்பையை எடுத்துட்டா சரியாயிடும். குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

மாடம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வன்னியபெருமாள் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"இத எழுதிக் குடுங்கம்மா."

எழுதி வாங்கினான். மறுநாளே பழைய ஆஸ்பத்திரிக்கு நடந்தான். மாடம்மாளும் பின்னாலேயே வந்தாள். டோக்கன் எடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, டாக்டர் வினீத்தின் மேஜையில் நான்கு காகிதங்களையும் விரித்து வைத்தான்.

டாக்டர் படித்தார். மறுபடியும் படித்தார். "குடிக்குன்னவர் எல்லாரும் இல்லைன்னுதான் பறயும். நாங்க எந்து செய்யும்?"

"குடிக்காதவன் வேற என்ன சார் சொல்லணும்?"

டாக்டர் காகிதங்களை அடுக்கினார்.

"எம் பொண்டாட்டி என்ன மோந்து பாத்தா. வேல போச்சு. சத்தியம் பண்ணியும் பொய்யன்னு பேரு. நீங்க சிரிச்சுக்கிட்டே எழுதினது சார் இது."

"எம் புருஷன..." என்று மாடம்மாள் டாக்டரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"நீ பேசாத," என்றான். "உனக்கு இதுல பேச வாயில்ல."

வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியே எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பேனாவைத் திறந்து, மூன்று சீட்டிலும் அந்த வரியைக் குறுக்கே அடித்து, காரணம் பித்தக்கல் என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வன்னியபெருமாளும் கேட்கவில்லை.

ஆடியில் பித்தப்பையை எடுத்தார்கள். கார்த்திகை வரை வலி திரும்பவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஷாஜி ஆள்விட்டுக் கூப்பிட்டான், இவன் போகவில்லை. பேட்டையில் வேறொரு மேஸ்திரியிடம் சேர்ந்துகொண்டான்.

வீட்டில் மாடம்மாளிடம் வேண்டியதை மட்டும் பேசினான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது கேட்டாள்.

"ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சிருங்க. இப்படி இருக்காதிய."

"அடிக்கிறதுக்கு நான் என்ன குடிகாரனா?"

அவள் குழம்புச் சட்டியோடு நின்றாள்.

"கோவம் இருக்கு மாடம்மா. போவ நாளாகும். உக்காந்து சாப்பிடு," என்றான்.

அவள் எதிரே உட்கார்ந்தாள்.