மீசைக்காரரின் ஓட்டு

சட்டசபையில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டலுக்கு வைத்தது. எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் குடிதண்ணீரில் கொண்டுபோய் முடிப்பாள் என்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபப்படவில்லை. அரசியலில் இதைவிட மோசமான பட்டப்பெயர்களோடு எத்தனையோ பேர் மந்திரியே ஆகியிருக்கிறார்கள்.

மூன்று விஷயங்களைச் சொல்லித்தான் அவள் தேர்தலில் ஜெயித்தாள். அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் வரும் என்றாள். எழுந்து நடக்க முடியாத நோயாளி படுக்கையிலிருந்தே ஓட்டுப் போட சட்டம் வரும் என்றாள். குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்றாள். இயந்திரங்கள் வந்துவிட்டன. ஓட்டு மசோதா வரிசையில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் மசோதா அன்றைக்கு ஓட்டெடுப்புக்கு வந்தது.

ஆற்றின் மேல்பக்கம் சாயப்பட்டறைகள். கீழ்பக்கம் அவள் தொகுதி. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் குழாயைத் திறந்தால் ஒருநாள் ஊதா வரும், ஒருநாள் சிவப்பு வரும். குழந்தைகளின் கையிலும் காலிலும் ஆறாத புண். கழிவைச் சுத்தம் செய்யாத பட்டறையை இழுத்து மூடலாம் என்பதுதான் மசோதா. மேல்பக்கத் தொகுதியின் உறுப்பினர், எதிர்க்கட்சி மீசைக்காரர், அதை மூர்க்கமாக எதிர்த்தார். அவர் ஒன்றும் முதலாளிகளின் ஆள் இல்லை. பட்டறை மூடினால் மறுநாளே அடுப்பு அணைந்துபோகிற கூலிக்காரர்கள்தான் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். இது அவளுக்கும் தெரியும். சபையில் ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, வெளியே வந்ததும் அண்ணன் தங்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்து உறுப்பினர் உடம்பு முடியாமல் வர இயலாவிட்டால், மறுபக்கத்திலிருந்து ஒருவர் தானும் ஓட்டுப் போடாமல் வெளியே உட்கார்ந்துகொள்வார். கணக்கு நேராகிவிடும். இதற்கு ஜோடி போடுவது என்று பெயர். விதிப்புத்தகத்தில் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, வாய்ச்சொல்தான். ஊரையே விழுங்கி ஏப்பம் விட்டவர்கள்கூட அந்தச் சொல்லை மீறியதில்லை. அது ஒன்றாவது மிச்சமிருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்று காலை அவள்தான் மீசைக்காரருக்குப் போன் செய்தாள். வாரத்துக்குப் பாதி நாள் அவர் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடுதான் கிடந்தார்.

"டாக்டர் வேண்டாங்கறார். நான் கேக்கறதா இல்ல, ஆம்புலன்ஸ வரச்சொல்லிட்டேன். உன் மசோதாவத் தோக்கடிச்சிட்டுதான் வந்து படுப்பேன்" என்றார் அவர்.

"அண்ணே, உங்களுக்கென்ன கிறுக்கா? வழியில ஏதாவது ஆனா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது? நாம ஜோடி போட்டுக்கலாம். நீங்க வரவேணாம், நானும் உள்ள போகமாட்டேன்."

"உன்னோட மசோதாவாச்சேம்மா?"

"நான் இல்லாட்டியும் எங்களுக்கு ரெண்டு ஓட்டு கூடத்தான் இருக்கு. பேசாம படுங்க."

போனில் ஆம்புலன்ஸ் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, உன் பேச்ச நம்பி படுக்கறேன்" என்றார்.

உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். ஆனால் ஜெயிப்பது உறுதி என்று தெரிந்தபோது சொன்னாள். கையில் நிறைய இருக்கும்போது பெருந்தன்மை காட்டுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

மதியம் உறுப்பினர்களின் ஓய்வறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த டிவியில் சபை ஓடிக்கொண்டிருந்தது. அவள் கட்சிக்காரர் ஒருவர், தம்பிக்குச் சாயப்பட்டறை வைத்துக் கொடுத்தவர், நிதானமாக எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்ததைப் பார்த்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

கட்சிக் கொறடா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எந்திரிங்க. ரெண்டு பக்கமும் சமமாயிடுச்சு. சமமானா மசோதா விழுந்துடும். நீங்க வந்தாத்தான் ஜெயிக்கும்."

"நான் வர முடியாதுங்க. மீசைக்காரர் அண்ணனோட ஜோடி போட்டிருக்கேன்."

"ஜோடியாவது மண்ணாவது! டிப்போ தெருவுல போய் நின்னு என்ன சொல்லுவீங்க? ஜோடி போட்டேன், அதனால இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஊதாத் தண்ணியே குடிங்கன்னா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று போனை எடுத்தாள். மறுமுனையில் ஒரே ஒருமுறை மணி அடித்தது. யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து அவளே துண்டித்துவிட்டாள். "எடுக்கலை" என்றாள் கொறடாவிடம். கொறடா அவளைப் பார்த்தார். பிறகு கண்டும் காணாதவர்போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஆதரிக்கும் உறுப்பினர்கள் எழுந்து நிற்கவும்" என்றார் சபாநாயகர்.

அவள் எழுந்து நின்றாள்.

எதிர்வரிசையில் முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும், "ஜோடி! ஜோடி!" என்று ஒருவர் மேசையில் அடித்துக் கத்தினார். விதிகளில் அப்படி ஒரு சொல் இல்லை என்று சபாநாயகர் அதைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கினார். மசோதா நிறைவேறியது. அவள் கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்வரிசையில் மீசைக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். டிப்போ தெரு ஜனங்கள் ஆடுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கணவர் சத்தத்தைக் குறைத்தார்.

"ஜெயிச்சிட்டு வந்தவ மூஞ்சியா இது? தோத்தவனே இதவிடத் தெளிவா இருப்பான்."

நடந்ததைச் சொன்னாள். போனைத் துண்டித்ததையும் சொன்னாள். அவர் சற்று யோசித்தார்.

"அவர் வந்திருந்தா மசோதா தோத்திருக்கும். இப்போ அந்தப் புள்ளைங்களுக்கு நல்ல தண்ணி வரப்போவுது. அப்புறம் என்ன?"

"அதான் சோறு இறங்கல. மறுபடி அதே நேரம் வந்தாலும் நான் எந்திரிச்சுதான் நிப்பேன். ஆனா அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நோயாளியோட ஓட்டுக்குச் சட்டம் கொண்டு வரேன்னு ஊரெல்லாம் பேசினவ நான். ஒரு நோயாளியப் படுக்க வச்சே அவர் ஓட்டைத் திருடிட்டேனே."

அவர் டிவியை அணைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டயாலிசிஸ் பிரிவின் வாசலில் அவள் பெயர் பொறித்த கல் இருந்தது. எந்த வேளையில் இதற்குச் சம்மதித்தோம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே பெஞ்சில் மீசைக்காரரின் மனைவி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்கிறவர், அன்று இருந்த இடத்திலிருந்தே, "வாங்க" என்றார்.

"அண்ணி…"

"நேத்து செருப்பு வரைக்கும் போட்டுட்டார். ஆம்புலன்ஸ்காரன் கீழ ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். உங்க போன் வந்ததும் செருப்பக் கழட்டினார். போகாதீங்கன்னு நான் காலையிலேருந்து அழுதேன், என் பேச்சக் கேக்கல. நீங்க சொன்னதும் கேட்டார்." குரலில் கோபம் இல்லை. "உள்ளதான் இருக்கார், போங்க."

கட்டிலில் அவர் பாதியாக இளைத்துக் கிடந்தார். மீசை மட்டும் பழைய அளவில் இருந்தது. கையிலிருந்து குழாய்கள் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. அவள் ஸ்டூலில் உட்காராமல் நின்றாள். வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த சப்பைக்கட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்."

"போன் அடிச்சு நின்னுதே, அது நீதானா?"

"நான்தான். நானே கட் பண்ணிட்டேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இயந்திரம் மெதுவாகச் சுற்றியது.

"நேத்து சாயங்காலம் பட்டறை ஆளுங்க வந்தாங்க. எங்க தலையில கல்லு விழறப்ப நீ எங்கய்யா போனேன்னு கேட்டாங்க. படுத்திருந்தேன்னு சொன்னேன்."

"என்னாலதான்னு சொல்லியிருக்கலாமே அண்ணே. நாலு பேரு என்னை நல்லா ஏசியிருப்பாங்க. எனக்கும் பாரம் குறைஞ்சிருக்கும்."

"உன் பாரம் குறையறதுக்கா? எதிர்க்கட்சிக்காரி பேச்ச நம்பிப் படுத்தேன்னு சொன்னா, யாரைப் பாத்தும்மா சிரிப்பாங்க?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர்தான் தேற்ற வேண்டியிருக்கும், அதையும் அவர் தலையில் கட்டக்கூடாது என்று மென்று விழுங்கினாள்.

"பட்டறைக்காரங்களுக்கு வேற வேலைக்கு வழி பண்ணாம விடமாட்டேன். ஒத்தக்கால்ல நின்னாவது…"

"பண்ணு" என்றார். அதை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. சற்றுக் கழித்து அவரே கேட்டார்: "உன்னோட இன்னொரு மசோதா எப்ப வருது? படுக்கையிலேருந்தே ஓட்டுப் போடறது?"

"அடுத்த மாசம்."

"நல்ல மசோதா. நான் ஆதரிக்கறேன்."

நேற்றிலிருந்து முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்குப் பாத்து உங்களுக்கு மெஷின் நாளா இருந்தா, அண்ணே, நீங்க அலையவேணாம். நானே…" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தினாள்.

"நீ போன் மட்டும் பண்ணாதம்மா" என்றார் அவர், மீசைக்குள் சிரித்துக்கொண்டே. "நான் ஸ்ட்ரெச்சர்லயே வந்துடறேன்."

அவளும் சிரிக்க முயன்றாள். மனைவி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். மீசைக்காரர் அவரிடம், மூலையில் கிடந்த செருப்பைக் காட்டி, அதைக் கட்டிலுக்குக் கீழே கால் எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னார். மனைவி குனிந்து வைத்தார்.