பெல் அடிக்காதவர்

வார்டுக்குப் புது மென்பொருள் வருகிறது. எந்த நோயாளியிடம் முதலில் ஆள் போக வேண்டும் என்று அதுவே சொல்லுமாம். இதுவரை எங்கும் இல்லாத ஒன்று. அதனால் அது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எந்த முறையில் எழுதுவது என்றே மூன்று வாரமாகக் கூட்டம். இரவு வார்டு உதவியாளன் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். படிப்பைப் பாதியில் விட்டவன் பேசவா போகிறான் என்று பிஸ்கட் தட்டை என் முன்னால் வைத்தார்கள்.

நான் போனது ஒரே விஷயத்துக்காக. போன மாதம் ஓர் இரவு பதினோராம் படுக்கைக்காரர் பெல் அடிக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். விடிந்து தொட்டபோது சில்லிட்டிருந்தார். பெல் அவர் கைக்குள்ளேயே இருந்தது. அடிக்காதவரையும் போய்ப் பார் என்று இந்த மென்பொருள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாரம் படம். கட்டம் கட்டமாக வரைந்து அம்பு விட்டார்கள். எல்லா அம்பும் பெல்லிலிருந்தே கிளம்பியது.

"அடிக்கலைன்னா?" என்றேன்.

"அப்ப அம்பே இல்லையேண்ணே," என்றாள் வரைந்த பெண்.

இரண்டாம் வாரம் அட்டவணை. என்ன நடந்தது, அதற்கு என்ன செய்வது என்று இரண்டு பத்தி. ஒன்றும் நடக்காததற்கு அதில் இடமில்லையாம்.

மூன்றாம் வாரம், ஒவ்வொரு தேவையையும் "ஒரு இன்னாராக, எனக்கு இன்னது வேண்டும்" என்று கேட்பவரே சொல்வதுபோல் எழுதும் முறைதான் சிறந்தது என்றார் மேலாளர். கை தட்டினார்கள்.

"பதினொன்னு எங்க சார்?"

"பெல் அடிக்காதவருக்கு எதுவும் வேண்டாம்னுதானே அர்த்தம்? யாருக்கு வேணும்னு சொல்லுங்க, எழுதிடலாம்."

"வேணுங்கிறவர் செத்துட்டார் சார்."

"அதையே பிடிச்சுத் தொங்குறீங்களே! உங்க அக்கா வீட்டுக்காரரா அவரு?"

அந்தப் பெண் சிரித்தாள்.

பேனாவை வாங்கி வெள்ளைப் பலகையில் எழுதினேன்: "ஒரு பிணமாக, நான் பெல் அடிக்காவிட்டாலும் மணிக்கொரு தரம் ஆள் வந்து பார்க்க வேண்டும்."

சிரிப்பு நின்றது. மேலாளர் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? முறைக்குள்ள எவ்வளவு அழகா வந்துடுச்சு!"

'பிணமாக' என்பதை விரலால் அழித்து 'நோயாளியாக' என்று எழுதினார். தேவைப் பட்டியலில் இருநூற்றுப் பதினாலு என்று எண் போட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அந்தக் கறுத்த விரலோடு பிஸ்கட் எடுக்கக் கை நீட்டினார். தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தேன்.